சிறு காயம்கூட உயிரைப் பறிக்கும் செப்சிஸாக மாறுமா? அதை எப்படித் தடுப்பது?

மாறக்கூடும். கிருமித்தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பாற்றலே கட்டுக்கடங்காமல் போய், சிறுநீரகம், நுரையீரல், மூளை என உடலின் சொந்த உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். காலில் குத்திய முள், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று என எதிலிருந்தும் இது தொடங்கலாம். 2017இல் உலகில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேருக்கு இது ஏற்பட்டதாகவும், இது தொடர்பாக 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

பலரும் காய்ச்சலை மட்டுமே கவனிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. முதியவர்களுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் காய்ச்சலே இல்லாமல் உடல் சில்லிட்டும் போகலாம். ஆகவே தொற்று உள்ள ஒருவர் திடீரென மனக்குழப்பம் அடைந்தாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, நாள் முழுவதும் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்று, “இது செப்சிஸாக இருக்குமா?” என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

தடுப்பில் கைகழுவுதலுக்கே முதலிடம் தருவேன். 1847 மே மாதம் வியன்னா மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அவர்களைக் கொன்ற பிரசவக் காய்ச்சலும் செப்சிஸ்தான்.

காயத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவுவதும், உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதங்களைப் பார்ப்பதும் தொற்று முற்றாமல் காக்கும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். அவ்வாறு செய்வதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, செப்சிஸ் வரும்போது சிகிச்சையே கடினமாகிறது.