கல்லீரலுக்குப் பயந்து விட்ட மாத்திரை

கேள்வி: எனக்கு 54 வயது. பிறையில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். மார்ச்சில் ரத்தம் எடுத்ததில் மொத்தக் கொழுப்பு 7.1, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 4.9. கிளினிக்கில் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும் என்று கூட வேலை செய்பவர் சொன்னதால் தொடவே இல்லை. இணையத்தில் வாங்கிய நியாசின், அதாவது வைட்டமின் பி3, 500 மில்லிகிராம் மூன்று வேளையும் போடுகிறேன். முடி கொட்டுவதற்குப் பயோட்டின். ரொட்டி சானாயை விட்டுவிட்டேன், மாலையில் நடக்கிறேன். மூன்று மாதம் கழித்து தனியார் லேப்பில் பார்த்தால் மொத்தம் 6.1, எல்.டி.எல். 4.1. சந்தோஷம்தான். ஆனால் ஏ.எல்.டி. 118 என்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.4. முகம் அடிக்கடி காந்துகிறது. மனைவி சீன மருந்துக்கடைச் சிவப்பரிசி நல்லது என்கிறாள். அப்பா 53 வயதில் மாரடைப்பில் போனவர். வைட்டமினோடு தொடரலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, 54 வயதுக்காரரைத் தம்பி என்கிறாளே என்று நினைக்க வேண்டாம், எனக்கு 67. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், நியாசினை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்குக்குப் போகச் சொல்லி ஆசிரியர் குழுவிலிருந்து உங்களை ஏற்கெனவே அழைத்துச் சொல்லிவிட்டார்கள். மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கோப்பி ஓ மாதிரி கறுத்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ கிளினிக் வரிசையில் நிற்க வேண்டாம். நேரே மருத்துவமனைதான்.

நீங்கள் பயந்தது கல்லீரலுக்கு. அந்த நட்சத்திரமும் கல்லீரல் வரியில்தான் விழுந்திருக்கிறது. ஏ.எல்.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். 118 என்பது வழக்கமான மேல் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மார்ச் மாத அறிக்கையில் அதே வரியைத் தேடிப் பாருங்கள். அப்போதே ஏறியிருந்தால் கொழுப்பு படிந்த கல்லீரலாக இருக்கலாம். அப்போது சரியாக இருந்து இப்போது ஏறியிருந்தால் முதல் சந்தேகம் நியாசின் மேல்தான்.

வைட்டமின் என்றால் கீரை மாதிரி, கூடினால் வெளியே போய்விடும் என்று நினைக்கிறோம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான நியாசின் 16 மில்லிகிராம். நீங்கள் போடுவது 1500. ஏறக்குறைய நூறு நாள் நியாசின் ஒரே நாளில்! அந்த அளவில் அது வைட்டமின் இல்லை, மருந்து. முகம் காந்துவதும் சர்க்கரை ஏறுவதும் அந்த மருந்தின் தெரிந்த குணங்கள். 6.4 இன்னும் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறது. பாட்டிலில் ‘ஸ்லோ ரிலீஸ்’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம். முகம் காந்துவதைக் குறைப்பதற்காக மெதுவாகக் கரையும்படி செய்த வகை அது, கல்லீரலுக்கு அதிகச் சிரமம் தருவதும் அதுதான்.

சரி, எண் இறங்கியதே என்பீர்கள். நியாசின் கொழுப்பைக் குறைக்கும் என்பது 1955இலேயே கண்டது, பொய்யில்லை. ஆனால் எண்ணை இறக்குவது மாரடைப்பைத் தடுப்பதற்காகத்தானே? 2014இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 25,000க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளுக்கு ஸ்டாட்டினோடு (உங்களுக்குக் கொடுத்த அட்டோர்வாஸ்டாட்டின் இந்த வகை மாத்திரைதான்) நியாசினையும் சேர்த்துக் கொடுத்தோ கொடுக்காமலோ பார்த்தார்கள். காகிதத்தில் எண்கள் அழகாயின. மாரடைப்பு குறையவில்லை, இனிப்பு நீர்தான் கூடியது. ஸ்டாட்டின் கதை வேறு. எல்.டி.எல். 1 மில்லிமோல், அதாவது உங்கள் அறிக்கைக் கணக்கில் 1, இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஸ்டாட்டினாலும் கல்லீரல் நொதி ஏறலாம், நூற்றில் ஓரிருவருக்கு. பெரும்பாலும் லேசாக ஏறித் தானே இறங்கும், கடுமையான சேதம் மிக அரிது. உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்தவள், அதனால் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் விட மாட்டேன். எல்.டி.எல். பல லேப்களில் அளப்பதில்லை, கணக்குப் போடுவது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 1.2, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 1.8. 1.8ஐ 2.2ஆல் வகுத்தால் 0.8. மொத்தம் 6.1இல் 1.2ஐயும் 0.8ஐயும் கழித்தால் 4.1. உங்கள் எல்.டி.எல். அவ்வளவுதான். ட்ரைகிளிசரைடு முந்தின இரவு நாசி கண்டாருக்கும் தே தாரிக்குக்கும் ஆடும், அது ஆடினால் கணக்கும் ஆடும். அதனால் மறுபடி எடுக்கும்போது முடிந்தவரை அதே லேப், அதே பட்டினி. இன்னொன்று, தமிழ்நாட்டு வீடியோக்களில் 190, 200 என்று பேசுவது மில்லிகிராம் கணக்கு. நம் மலேசிய அறிக்கையின் மொத்தக் கொழுப்பு, எல்.டி.எல். எண்களை 38.7ஆல் பெருக்கினால் அது வரும். உங்கள் 4.9 என்பது அங்கே 190.

இறக்கியது எது என்றும் காகிதம் சொல்லாது. நியாசின், நடை, ரொட்டி சானாய் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள். நடையையும் சாப்பாட்டையும் விடாதீர்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி பழகினால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

பயோட்டினைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். முடிக்கு விற்கும் மாத்திரைகளில் அளவு மிக அதிகம், அது சில ரத்தப் பரிசோதனைகளையே குழப்பிவிடும். ஒருமுறை எங்கள் லேப்பில் ஒரு பெண்மணியின் தைராய்டு முடிவு ‘அதிவேகம்’ என்று வந்தது. ஆளோ சோர்ந்து, உடல் பெருத்து உட்கார்ந்திருந்தார். கைப்பையைத் திறக்கச் சொன்னோம், பயோட்டின் பாட்டில்! நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்தால் தைராய்டு மந்தம். உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், தைராய்டு மந்தமானாலும் கொழுப்பு ஏறும். டாக்டர் அதையும் பார்க்கச் சொல்லலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று லேப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டம்மாவின் சிவப்பரிசி, அதாவது பூஞ்சை சேர்த்துப் புளிக்க வைத்த அரிசி, வேலை செய்யும். எப்படி என்றுதான் அவருக்குத் தெரியாது. அந்தப் பூஞ்சையில் உண்டாகும் மொனகோலின் கே-யும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் ஒரே பொருள். ஸ்டாட்டின் வேண்டாம் என்று ஓடி ஸ்டாட்டினிடமே போய் நிற்பது. அதுவும் எவ்வளவு இருக்கிறது என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும், சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சும் இருக்கும். இதற்கு, அளந்து கொடுக்கும் மாத்திரையே மேல்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அப்பாவின் வயதுதான் என்னை நிறுத்தியது. 53 வயதில் அப்பா, 54 வயதில் உங்களுக்கு 4.9. இது ரொட்டி சானாய் மட்டும் செய்த வேலையாக இல்லாமல், பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம். குதிகாலுக்கு மேல் பின்பக்கம் இருக்கும் தடித்த தசைநாணைத் தடவிப் பாருங்கள், முடிச்சு மாதிரி தென்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். முடிச்சு இல்லை என்பதால் பரம்பரை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை ரத்தம் எடுக்கட்டும். பிள்ளைகளுக்கு இருபது வயதுதானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்டாட்டின் எப்போது தொடங்குவது என்பதை ஏ.எல்.டி. இறங்குவதைப் பார்த்து டாக்டர் சொல்வார், வீட்டில் கிடக்கும் பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள். தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒருமுறை ரத்தம், பிறகு அவர் சொல்கிறபடி. மாதாமாதம் தனியார் லேப்பில் புற்றுநோய்க் குறியீடு வரை சேர்த்த பேக்கேஜ் எதற்கு? அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்.

திட்டுவாரா என்றால், திட்டுவார். ஐந்து நிமிடம் இருக்கும். அதற்காக மறைக்காதீர்கள். பாட்டில்களையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மார்ச் அறிக்கையும் கூடவே. பெயரை மட்டும் சொன்னால் போதாது, லேபிளை அவர் படிக்க வேண்டும்.