காவிரி மீமும் கலைந்துபோன ஸ்குவாடும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பி.யூ.சி. முதலாண்டு படிக்கும் என் மகன், பக்கத்துத் தெருவில் உள்ள மூன்று கன்னடப் பிள்ளைகளுடன் தினமும் இரவில் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுவான். காவிரியில் தண்ணீர் திறந்துவிடச் சொல்லிச் செய்தி வந்த அன்று, வடிவேலு காலி வாளியோடு நிற்பதுபோல ஒரு மீம் செய்து, கர்நாடகத்தாரைக் கஞ்சர்கள் என்று எழுதி, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டான். அவர்களில் ஒருவனுடைய தாத்தா மண்டியாவில் நெல் பயிரிடுகிறவர். அவன் குழுவை விட்டே போய்விட்டான், விளையாடவும் வருவதில்லை. "ஜோக்குதானே அம்மா, அதுக்குப் போய் கோவிச்சுக்கிறான்" என்கிறான் என் மகன். என் தம்பியோ அந்த மீமை ரசித்துச் சேலத்து உறவினர் குழுவில் பரப்பியிருக்கிறான். என் கணவர் கோபத்தில் மகனுடைய போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். விளையாட்டையும் மீமையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

போனைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தவறு நடந்தது மீமில். தண்டனை விழுந்திருப்பதோ விளையாட்டின் மேல். உங்கள் மகனும் அந்தப் பிள்ளையும் நாள்தோறும் சந்தித்துக்கொண்ட இடமே அந்த விளையாட்டுத்தான் என்பதால், அதைப் பூட்டி வைத்தால் சமாதானத்துக்கான வழியையும் சேர்த்தே பூட்டியதாகிவிடும்.

பிஜிஎம்ஐயில் நால்வர் ஒரு ஸ்குவாடாக இறங்குகிறார்கள். ஒருவன் அடிபட்டு விழுந்து தரையில் தவழும்போது, கூட்டாளி ஒருவன் தன் துப்பாக்கியை இறக்கிவிட்டு, குண்டு எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையில் அவனருகே சில நொடிகள் குனிந்திருந்து எழுப்பிவிட வேண்டும். "நாக் ஆயிட்டேன் மச்சா, பேகா பா (சீக்கிரம் வா)" என்று பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் உங்கள் மகன் கத்துவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். அப்போது ஓடி வந்தவர்களில் அந்த மண்டியாப் பையனும் ஒருவனாக இருந்திருப்பான். இந்தப் பழக்கத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

நேரம் பற்றிய கவலை வேறு. 2022-இல் முடக்கப்பட்ட இந்த விளையாட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தபோது, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அதுவே அதிகம் என்பது என் கருத்து. பரீட்சைக் காலத்தில் ஒரு மணி நேரம் போதும் என்று நீங்கள் தீர்மானித்தால் நான் மறுக்கமாட்டேன். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. இது அந்த வகையில் சேராது.

இனி மீமுக்கு வருகிறேன். செய்திகளை மீமாகப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வடிவேலுவின் ஒரு முகபாவம் ஒரு பக்கத் தலையங்கம் சொல்வதைச் சொல்லிவிடும். 2019 மே மாதக் கடைசியில், ஃபேஸ்புக்கில் வந்த ஒரு சுத்தியல் படத்தின் கீழே ஒருவர் எழுதிய விளையாட்டான பதிலிலிருந்து 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்ற வேடிக்கை கிளம்பி, 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணி யாரென்றே அறியாதவர்களையும் சிரிக்க வைத்தது. அந்தச் சிரிப்பில் காயப்பட்டவர் எவரும் இல்லை. உங்கள் மகனுடைய மீமில் ஒரு மாநிலத்தவர் அனைவருக்கும் குணப்பட்டம் கட்டப்பட்டிருக்கிறது. அதை வாசித்தவனோ, கிருஷ்ணராஜசாகர் அணையில் நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் தாத்தாவின் முகம் வாடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. வடிவேலுவைப் பார்த்ததும் நமக்கு வரும் சிரிப்பு அவனுக்கு வரவில்லை. கஞ்சன் என்ற சொல் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் மகனை உட்கார வைத்து ஒரு விவரத்தைச் சொல்லுங்கள். அவன் குடிக்கும் தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெகாடனஹள்ளி வழியாக மேடேற்றி இந்த நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கிய 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீர் முதலான தேவைக்கென்றே கொடுக்கப்பட்டது. தஞ்சை விவசாயியின் கவலை எவ்வளவு உண்மையோ, மண்டியா விவசாயியின் கவலையும் அவ்வளவு உண்மை. அல்சூரில் வளரும் பிள்ளைக்கு இரண்டும் புரிய வேண்டும். காவிரியின் பெயரால் 1991-இலும் 2016-இலும் நடந்த கலவரங்களில் இந்த நகரத்துத் தமிழர்கள் பட்டது என்ன என்பதையும் அவன் அறிந்துகொள்ளட்டும். ஆனால் "அடி விழும், அதனால் வாயை மூடு" என்று அதைச் சொல்லாதீர்கள். பயத்தில் கேட்கும் மன்னிப்பை அந்தப் பையன் உடனே கண்டுகொள்வான்.

மன்னிப்பை வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்பி முடித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பையனின் வீட்டுக்கு உங்கள் மகன் நேரில் போகட்டும், கன்னடத்திலேயே பேசட்டும். "உனக்குக் கஷ்டமாக இருந்திருந்தால் ஸாரி" என்ற வகைப் பேச்சு வேண்டாம், அது பழியை மறுபடியும் எதிராளியின் தலையில் ஏற்றுகிறது. "உங்கள் ஜனங்களைக் கஞ்சர்கள் என்று எழுதினேன், அது தப்பு" என்று செய்ததைச் செய்தபடியே சொல்ல வேண்டும். நீங்கள் துணைக்குப் போக வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அம்மா நின்றால் இருவருமே கூசிப்போவார்கள். அந்தப் பையன் உடனே மனம் இறங்காமலும் போகலாம். அப்படியானால் மீதி மூவரும் அவன் இடத்தில் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு ஆடாமல், சில நாட்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைப்பது நல்லது.

உங்கள் தம்பியிடமும் இன்றே பேசிவிடுங்கள். உறவினர் குழுவிலிருந்து அந்த மீமை 'எல்லோருக்கும்' அழிக்கச் சொல்லுங்கள். அழிக்கும் நேரம் கடந்திருந்தால், இதை யாருக்கும் மேலே அனுப்ப வேண்டாம் என்று அவரே அந்தக் குழுவில் எழுதட்டும். மாமா பாராட்டியதை உங்கள் மகன் பார்த்துக்கொண்டிருக்கும்வரை, நீங்கள் சொல்வது அவன் காதில் ஏறாது.