டி.வி. பதில்கள்: பட்டப்பெயர் ஸ்பெஷல்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, 'சீரியல் பட்டப்பெயர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்' என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை வேறு எதற்கும் இடமில்லை. சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் பதில்களில் தொழில் வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீரியலில் ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே, எழுத்தாளர்களுக்குப் பெயர் பஞ்சமா?

பெயருக்குப் பஞ்சமில்லை, உங்கள் கண்ணுக்குத்தான் பஞ்சம்! சீரியல் ஓடும்போது நீங்கள் முக்கால்வாசி நேரம் திரையைப் பார்ப்பதே இல்லை. ஏதோ வேலையாக இருப்பீர்கள், காது மட்டும் டி.வி. பக்கம் இருக்கும். அந்தக் காதுக்கு யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இரண்டு பேருக்கும் ஆகுமா ஆகாதா என்று மூன்று சேதியையும் ஒரே சொல்லில் சொல்லியாக வேண்டும். பட்டப்பெயரை விட்டால் வேறு வழி கிடையாது.

விஜய் டி.வி.யில் 2023-ல் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பியூட்டி பார்லர்காரியான ரோகிணி, நாயகன் முத்துவுக்கு அண்ணன் மனைவி. முறைப்படி 'அண்ணி' என்று கூப்பிட வேண்டும். அவனோ 'பார்லரம்மா' என்கிறான். 'உன்னை இந்த வீட்டு உறவாக நான் ஏற்றுக்கொள்ளவில்லை' என்று ஒரு பக்கம் வசனம் எழுத வேண்டியதை ஆறு எழுத்தில் முடித்துவிட்டார்கள். தம்பி மனைவி ஸ்ருதி டப்பிங் பேசுகிறவள். அவளுக்கு அவன் வைத்த பெயர் 'பல குரல்'. அதே வாய்தான், ஆனால் இதில் ஒரு செல்லம் இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டும் செய்கிற தொழிலை வைத்து வந்த பெயர்கள்தான். ஒன்று குத்துகிறது, இன்னொன்று கொஞ்சுகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 'ரோகிணி' என்பதே அவள் தனக்கு வைத்துக்கொண்ட பொய்ப்பெயர், சொந்தப் பெயர் கல்யாணி. ஆக, வீட்டில் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் பெயர் பொய், முத்து கிண்டலுக்கு வைத்த பெயர்தான் மெய்! இதை யோசித்துத்தான் எழுதினார்களா, தானாக அமைந்ததா என்று கேட்காதீர்கள். தானாக அமைந்தாலும் 'யோசித்துத்தான் எழுதினோம்' என்போம், அது எங்கள் தொழில் தர்மம்.

கேள்வி: பட்டப்பெயரை வைத்து அழவைக்க முடியுமா?

முடியும். அமெரிக்க மருத்துவமனைத் தொடரான 'கிரேஸ் அனாடமி' அதைச் செய்து காட்டியது. 2005-ல் வந்த முதல் எபிசோடிலேயே ஜார்ஜ் ஓமாலி என்ற பயிற்சி மருத்துவருக்கு ஒரு குடல்வால் அறுவை சிகிச்சை கொடுக்கப்படுகிறது. பையன் நடுவில் சொதப்பி, உறைந்துபோய் நிற்கிறான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த சக பயிற்சியாளர்கள் அங்கேயே பெயர் சூட்டிவிடுகிறார்கள்: '007'. ஜேம்ஸ் பாண்டைப் போல இவனுக்கும் கொல்வதற்கு லைசென்ஸ் உண்டாம். டாக்டருக்கு இதைவிட அவமானமான பெயர் இருக்க முடியாது.

அதோடு அந்தப் பெயர் ஓரம்கட்டப்பட்டது. ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோட், 2009 மே மாதம். பஸ் மோதப்போன ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்ச் சிதைந்துபோன ஒருவனைத் தூக்கி வருகிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை, பேச்சும் வரவில்லை. ஜார்ஜோடு பயிற்சியில் சேர்ந்த மெரிடித் அவன் படுக்கை பக்கத்தில் நிற்கிறாள். அவன் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எதையோ கிறுக்குகிறான். ஒரு சுழி, இன்னொரு சுழி, ஒரு ஏழு. அவளுக்குப் புரிந்ததும் போட்டுவிட்டு ஓடுகிறாள்: இது நம் ஜார்ஜ்!

'ஜார்ஜ்' என்று எழுதவைத்திருந்தால் வெறும் தகவல். அவனைக் கேலி செய்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயரை எழுதவைத்ததால் நமக்குத் தொண்டை அடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சிரிப்பதற்காக எழுதிய ஒரு வரியை எடுத்து இப்படிப் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

கேள்வி: அதே தொடரில் 'மெக்ட்ரீமி' என்கிறார்களே, அது யார்?

டெரெக் ஷெப்பர்ட் என்ற அழகான டாக்டர். அது கிளிக் ஆனதும் 'மெக்' ஒரு தொழிற்சாலையாகிவிட்டது. இன்னொரு அழகன் வந்தான், 'மெக்ஸ்டீமி'. கால்நடை மருத்துவர் வந்தார், 'மெக்வெட்'. சில சமயம் முழுப்பெயரை யோசிக்கவே தேவையில்லை, முன்னொட்டு ஒன்று போதும். மீதியை ரசிகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்த கதாபாத்திரங்களில் நம்பர் ஒன் யார்?

சந்தேகமே இல்லாமல் 'லாஸ்ட்' தொடரின் சாயர் (2004–2010). விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் இவன் வாயில் யாரும் சொந்தப் பெயரோடு தப்பவில்லை. ஜாக்குக்கு 'டாக்', கேட் என்ற பெண்ணுக்கு 'ஃப்ரெக்கிள்ஸ்', அதாவது முகத்தில் புள்ளி விழுந்தவள். ஹர்லியின் உடம்பை வைத்து எபிசோடுக்கு எபிசோட் புதுப்பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால் 'ஹர்லி' என்பதே பட்டப்பெயர்தான், நிஜப்பெயர் ஹ்யூகோ.

மூன்றாவது சீசனில் ஒரு பிங்பாங் பந்தயம் வரும். சாயர் ஜெயித்தால், மற்றவர்கள் எடுத்துக்கொண்ட அவன் சாமான்கள் திரும்பக் கிடைக்கும். தோற்றால் ஒரு வாரத்துக்கு யாருக்கும் பட்டப்பெயர் சொல்லக் கூடாது. ஹர்லி மட்டையை எடுத்து அவனைத் துவைத்துவிடுவான். அந்த நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியைப் பிடுங்கவில்லை, அடிக்கவில்லை. பட்டப்பெயரைப் பிடுங்கினால் இவன் நிராயுதபாணி என்று தீவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

ஏன் அப்படி? அவன் பெயரே சாயர் இல்லை, ஜேம்ஸ் ஃபோர்டு. சிறுவனாக இருந்தபோது 'சாயர்' என்ற பெயரில் வந்த ஒரு மோசடிக்காரன் குடும்பத்தை ஏமாற்றியதில், அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறார். அந்த ஆளைத் தேடிப் பழிவாங்கக் கிளம்பிய பையன், தானும் மோசடிக்காரனாகி எதிரியின் பெயரையே எடுத்து மாட்டிக்கொள்கிறான். தன் சொந்தப் பெயரைச் சுமக்க முடியாதவன் மற்றவர்கள் பெயரை மட்டும் விட்டுவைப்பானா? பின்னால் ஜூலியட் வருகிறாள். அவள் அவனை 'ஜேம்ஸ்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் காதலுக்கு வேறு வசனமே தேவைப்படவில்லை.

கேள்வி: எனக்கு நானே நல்ல பட்டப்பெயர் வைத்துக்கொள்ள முடியுமா சார்?

'சைன்ஃபெல்ட்' தொடரில் ஜார்ஜ் கோஸ்டான்சா முயற்சி செய்தான், 1998-ல். ('கிரேஸ் அனாடமி' ஜார்ஜ் வேறு, இந்த ஜார்ஜ் வேறு.) ஆபீசில் எல்லோரும் தன்னை 'டி-போன்' என்று அழைக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகவே மீட்டிங்கில் டி-போன் ஸ்டேக் ஆர்டர் செய்கிறான். பக்கத்து ஆள் 'எனக்கும் அதே' என்கிறான், பெயர் அவனுக்குப் போய்விடுகிறது. கேட்டுச் சண்டை போட்டு கையை ஆட்டிக் குதித்ததில் ஜார்ஜுக்கு மிஞ்சியது 'கோகோ'. அது ஒரு புகழ்பெற்ற கொரில்லாவின் பெயர். முயற்சி செய்யுங்கள், வாழ்த்துகள்.

கேள்வி: 'பேபி யோடா' என்று சொன்னால் என் மகன் 'க்ரோகு' என்று திருத்துகிறான். யார் சரி?

மகனிடம் ஆதாரம் இருக்கிறது, உங்களிடம் ஊரே இருக்கிறது.

'ஸ்டார் வார்ஸ்' உலகில் நடக்கும் 'தி மாண்டலோரியன்' தொடர் 2019 நவம்பரில் வந்தபோது அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பெயரே சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள் 'தி சைல்ட்' என்றார்கள். 'குழந்தை' என்றால் எந்தக் குழந்தை? பார்த்தவர்கள் அன்றைக்கே 'பேபி யோடா' என்று வைத்துவிட்டார்கள். கதைப்படி அது தப்பு. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் பச்சைக் குரு யோடா அதற்குள் இறந்துபோயாயிற்று, இது அவர் இனத்தைச் சேர்ந்த வேறொரு ஜீவன், வயதும் 50. ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ஒரு வருடம் கழித்து, 2020 நவம்பரில், 'க்ரோகு' என்று அறிவித்தார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தொட்டிலில் ஒரு வருடம் சும்மா போட்டுவிட்டால் அக்கம்பக்கத்தார் வைப்பதுதான் பெயர்.

அதே தொடரின் நாயகனையும் பாருங்கள். ஊரெல்லாம் 'மாண்டோ' என்று கூப்பிடுகிறது. 'டின் ஜாரின்' என்ற நிஜப்பெயர் முதல் சீசனின் கடைசி எபிசோடில்தான் வெளியே வருகிறது. அதுவும் வில்லன் வாயிலிருந்து. நண்பன் சொல்லியிருந்தால் அது சாதாரண அறிமுகம். எதிரி சொன்னதால் பயம் தட்டியது.

கேள்வி: எல்லோரும் பட்டப்பெயர் சொல்ல, ஒருவர் மட்டும் நிஜப்பெயர் சொன்னால்?

அந்த ஒருவரைக் கவனியுங்கள். 'ஹேப்பி டேஸ்' (1974–84) தொடரில் தோல் ஜாக்கெட் போட்ட ஃபோன்ஸியை ஊரே பயபக்தியோடு 'ஃபான்ஸ்' என்கும். திருமதி கன்னிங்காம் மட்டும் 'ஆர்தர்' என்பார். ரவுடிக் களை முழுக்க அந்த ஒரு சொல்லில் இறங்கி, பிள்ளையாகிவிடுவான்.

இன்னும் கூர்மையான உதாரணம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. ஜேமி லானிஸ்டருக்கு நாடு முழுக்க ஒரே பெயர், 'கிங்ஸ்லேயர்', ராஜாவைக் கொன்றவன். காக்க வேண்டிய ராஜாவை முதுகில் குத்தியவன் என்ற வசை அது. மூன்றாவது சீசனில் (2013) ஒரு குளியல் தொட்டிக் காட்சி. கை வெட்டப்பட்டுக் காய்ச்சலில் இருக்கிறவன், ஏன் கொன்றேன் என்பதை முதல்முறையாக பிரியன் என்ற பெண் வீரரிடம் சொல்கிறான். அந்த ராஜா நகரத்தையே மக்களோடு சேர்த்து எரிக்கக் கட்டளையிட்டிருந்தான். சொல்லி முடித்ததும் மயங்கிச் சாய்கிறான். பிரியன் பதறி உதவிக்கு ஆள் கூப்பிடுகிறாள், 'கிங்ஸ்லேயர்!' என்று. முழுக்கதையும் கேட்ட பிறகும் வாயில் பழக்கம் அதுதான் வருகிறது. அவன் பாதி நினைவில், 'ஜேமி. என் பெயர் ஜேமி' என்கிறான். இதற்கு மேல் நான் விளக்கினால் காட்சி கெட்டுவிடும்.

கேள்வி: பெண் கதாபாத்திரங்களுக்கு மட்டம் தட்டும் பெயர்கள் அதிகம். கேட்பாரில்லையா?

நியாயமான கோபம். கொரியப் போர்க்கள மருத்துவமனையை வைத்து வந்த 'மாஷ்' (1972–83) தொடரில் தலைமை நர்ஸ் மார்கரெட்டுக்கு 'ஹாட் லிப்ஸ்' என்று பெயர். தொடக்கத்தில் அவள் சிரிப்புக்காகவே எழுதப்பட்டவள். சீசன்கள் போகப்போக, திறமையான அதிகாரியாக, தனிமையில் தவிக்கும் மனுஷியாக வளர்ந்தாள். அவள் வளர வளர அந்தப் பெயர் திரையில் தேய்ந்து, எல்லோரும் 'மார்கரெட்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அறிவிப்பு, மன்னிப்பு எதுவும் கிடையாது. எழுதுகிறவர்கள் பேனாவை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் சீரியல்களில் மாமியார் வாயில் வரும் சில பெயர்களுக்கும் இந்த வைத்தியம் பார்க்கலாம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், கேட்டார்கள் எழுதினேன், டி.ஆர்.பி. ஏறியது. அந்த ரகசியம் எல்லா சேனலுக்கும் தெரியும்.

கேள்வி: பெயரே இல்லாத நாயகனுக்கு ரசிகர்கள் என்ன செய்வார்கள்?

நம்பர் போடுவார்கள். 1963 முதல் வரும் 'டாக்டர் ஹூ'வின் நாயகன் வெறும் 'தி டாக்டர்'. நடிகர் மாறும்போதெல்லாம் ஆள் மாறுவதால் டேவிட் டெனன்ட் என்றால் 'டென்', மேட் ஸ்மித் என்றால் 'லெவன்'. ஆனால் கதைக்குள்ளே, கிழிந்த சட்டையோடு தன் தோட்டத்தில் வந்து விழுந்த லெவனுக்குச் சிறுமி ஏமி வைத்த பெயர் 'ராக்கடி மேன்', கந்தல்காரன். 2013-ல் அவர் விடைபெறும்போது ஏமி தோன்றி அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழியனுப்புவாள். ரசிகர்களின் நம்பர் விவாதத்துக்கு, சிறுமியின் பெயர் கண்ணீருக்கு.

கேள்வி: 'ஸ்க்விட் கேம்' மாதிரி நம்பரே பெயரானால்?

ஆட்டக்காரர்களை நம்பரால் கூப்பிடும் அந்தக் கொரியத் தொடரில் பெயரைக் கேட்பதே நட்பு. 001 என்ற கிழவர் தன் பெயர் ஞாபகமில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கோலி ஆட்டம் முடிந்ததும், 'இப்போது ஞாபகம் வந்துவிட்டது' என்று ஓ இல்-நாம் எனத் தன் பெயரைச் சொல்வார். கடைசி வரை பார்த்தவர்களுக்கு அந்த ஞாபக மறதி மேல் சந்தேகம் வந்திருக்கும். பார்க்காதவர்களுக்காக இத்தோடு நிறுத்துகிறேன்.

கேள்வி: ஜோடிப் பெயர்கள் பற்றி?

மெரிடித்–டெரெக் சேர்ந்தால் 'மெர்டெர்'. 'லாஸ்ட்' தொடரின் கேட்டை ஜாக்கோடு சேர்த்தால் 'ஜேட்', சாயரோடு சேர்த்தால் 'ஸ்கேட்'. கதையில் யாரும் சேருவதற்கு முன்பே ரசிகர்கள் பெயரைச் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். எழுத்தாளனுக்கு இது எச்சரிக்கை மணி: பிரித்தால் அடி விழும்.

கேள்வி: சீரியல் முடிந்தும் பெயர் விடாமல் ஒட்டிக்கொள்வது உண்டா?

'மெட்டி ஒலி' தலைப்புப் பாட்டுக்கு ஆடிய சாந்தி, 2022-ல் 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போனபோதும் 'மெட்டி ஒலி' சாந்திதான். சீரியல் 2005-லேயே முடிந்துவிட்டது.

கேள்வி: செட்டில் உங்களுக்கு என்ன பட்டப்பெயர்?

இருக்கிறது. எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.