பாலக்கோட்டை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், இல்லாத தமிழ்ச் சொற்களை உருவாக்க பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். 247 எழுத்துகளில் நாலைந்தைக் குலுக்கி எடுத்துக் கோக்கிறது. ‘ட்ஙேளூப்’ என்றெல்லாம் வருகிறது, வாயில் நுழையவில்லை. தமிழ் மாதிரி ஒலிக்க என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

நிரலில் பிழையில்லை. குலுக்கினால் அப்படித்தான் வரும். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது, ட, ள, ழ, ற முதலில் வராது, வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியம் மொழிமரபு என்ற இயலிலேயே சொல்லிவிட்ட சங்கதி. இவற்றை நிபந்தனைகளாக எழுதலாம்தான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இன்னொரு இலக்கணப் பாடம்.

அதைவிட உங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பாப்பாரப்பட்டி. எந்த எழுத்துக்குப் பின் எது வருகிறது என்று நிரல் குறித்துக்கொள்ளட்டும், பிறகு அந்தக் குறிப்பிலிருந்து மட்டும் குலுக்கட்டும். ராயக்கோடு, பாலக்கோட்டை, காரிப்பட்டணம், போச்சம்பட்டணம் எல்லாம் கிடைக்கும். பஸ் போர்டில் எழுதினால் யாராவது ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்! ரஷ்யக் கணிதர் மார்கோவ் 1913-இல் புஷ்கின் கவிதையின் 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று எண்ணிப் பார்த்த வழி இது. 1948-இல் அமெரிக்கக் கணிதர் ஷானன் இதே முறையில் போலி ஆங்கிலம் செய்து காட்டினார்.

ஒரு இடத்தில் கவனம். நமக்குப் ‘பாலக்கோடு’ ஐந்தெழுத்து, பைத்தானுக்கோ ஒன்பது. துணைக்காலும் புள்ளியும் கொம்பும் அதற்குத் தனித்தனிக் குறிகள். அப்படியே வெட்டினால் கொம்பு அந்தரத்தில் தொங்கும். குறியை முன்னெழுத்தோடு ஒட்டிய பிறகே எண்ண வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: பாப்பாரப்பட்டியில் பா-வுக்குப் பின் ப், ப்-புக்குப் பின் பா. நிரல் அங்கே மாட்டிக்கொண்டு ‘பாப்பாப்பாப்பாரப்பட்டி’ என்று திக்கும். கடைசி இரண்டு எழுத்தையும் பார்த்து அடுத்ததை எடுக்கச் சொன்னால் திக்கல் போய்விடும். ஆனால் ஆறு பெயரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் பெரும்பாலும் அதே ஆறுதான் திரும்பி வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஊராட்சிப் பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர் வந்தால் அச்சிடாதே என்று ஒரு வரியும் போடச் சொல்லுங்கள்.