கெல்சோ ஸ்டேஷனை ஏன் இடிக்கல? – கடிதம்

வணக்கம் சார்,
கலிபோர்னியா மொஹாவி பாலைவனத்துல இருக்கற கெல்சோ பத்தி நீங்க எழுதினத படிச்சேன். ஊரே காலியாயிடுச்சு, ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் கவர்மெண்ட் எதுக்கு காசு கொட்டணும்? தண்டவாளத்த பிடுங்கினப்பவே அதையும் இடிச்சிருக்கலாமே?

வணக்கம் நண்பரே,

தண்டவாளத்த யாரும் பிடுங்கலங்க, இன்னிக்கும் அந்த வழியாதான் கூட்ஸ் வண்டி போகுது, எனக்கு மனசு ஆறாம இருக்கறதே அதுதான். புயல்ல போன ஊர் இல்ல இது, ரயில்வேக்கு இனிமே தேவப்படல, அவ்ளோதான்.

1905ல சால்ட் லேக் சிட்டியையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்கற லைன் முடிஞ்சுது. கெல்சோவுல இருந்து அதே லைன்ல மேல இருக்கற சீமாங்கற இடம் வரைக்கும் ஒரே ஏத்தம், 100 அடிக்கு 2 அடிக்கும் மேல ஏறும், சரக்கோட வர்ற நீராவி வண்டிக்கு அங்க கூடுதலா இன்னொரு இன்ஜின் மாட்டணும், தண்ணி பிடிக்கணும், அந்தப் பாலைவனத்துல கெல்சோவுல தண்ணி கிடைச்சுது, அதனாலதான் அங்க ஊரே வந்துச்சு. 1924ல திறந்த ஸ்டேஷன்ல மாடியில டிரைவர், ஃபயர்மேன் (நீராவி இன்ஜின்ல நெருப்ப கவனிக்கறவர்) எல்லாம் படுக்க ரூம், கீழ 'பீனரி'ன்னு கூப்பிட்ட சாப்பாட்டுக்கடை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பக்கத்து வல்கன் சுரங்கத்து இரும்புத்தாது இங்க ரயில் ஏறி ஃபோன்டானா ஸ்டீல் ஆலைக்குப் போச்சு, ஜனம் 2000 வரைக்கும் இருந்துச்சு. குடிச்சிட்டு ரகளை பண்றவங்கள அடைக்கறதுக்கு இரும்புப் பட்டையில செஞ்ச ஒரு கூண்டு ஜெயில், ரெண்டே அறை, அத இப்பவும் ஸ்டேஷன் பக்கத்துல பாக்கலாம், அந்த வெயில்ல அதுக்குள்ள ஒரு மனுஷன நெனச்சாலே பதறுது.

அப்புறம் சுரங்கம் மூடியாச்சு, டீசல் இன்ஜின் வந்தாச்சு, நீராவி வண்டி மாதிரி அதுக்கு தண்ணி பிடிக்க நிக்க வேண்டியதில்ல. பீனரி மட்டும் 1985 வரைக்கும் ஓடுச்சு. லைனுக்கு சொந்தக்கார ரயில் கம்பெனி யூனியன் பசிபிக் கட்டடத்த இடிக்கப் பாத்துச்சு, சுத்துப்பட்டு ஜனங்களும் ரயில் ஆர்வலர்களும் விடல, போராடித்தான் நிறுத்தினாங்க. 2005ல அரசாங்கம் அத பார்வையாளர் மையமா திறந்துச்சு.

இது வீண் செலவுன்னு என்னால ஒத்துக்கவே முடியல. ரயில்வே வரலாறுன்னா முதலாளி பேரும் மைல் கணக்கும் எங்க வேணா கிடைக்கும், ராத்திரி டூட்டி முடிச்சு வந்த ஃபயர்மேன் எந்த ரூம்ல படுத்தான், எந்த கவுண்டர்ல உக்காந்து சாப்ட்டான்னு காட்ட எத்தன இடம் மிச்சம் இருக்கு சொல்லுங்க? அதுக்கு அரசாங்கம் செலவு பண்ணாம வேற யார் பண்ணுவா?