வங்கியிலிருந்து ஐ.டி. ஒப்பந்தப் பணிக்கு: புரோகிராமிங் தெரியாமல் போக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. பி.காம். முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் 11 ஆண்டுகளாக ஆபரேஷன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு அடுத்த ஆண்டு சென்னைக்கு மாற்றல் வரும்போல் தெரிகிறது. ஐ.டி. நிறுவனங்களில் ஒப்பந்த அடிப்படையில் நிறைய ஆள் எடுப்பதாகத் தோழி சொல்கிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். 85,000 ரூபாய் கட்டணம் கேட்கிறார்கள். மூன்று ஆண்டு சாஃப்ட்வேர் அனுபவச் சான்றிதழும் ஏற்பாடு செய்து தருவார்களாம். எனக்கு புரோகிராமிங் தெரியாது. துணிந்து இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் அந்தப் பயிற்சி நிலையத்தின் வழியாக வேண்டாம். பணம் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஐ.டி. நிறுவனங்களுக்கு ஒப்பந்த ஊழியர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பொய்ச் சான்றிதழோடு வந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. ஒரு இளைஞர் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, வேலையிலும் நல்ல பெயர். பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கை தாமதமாக வந்தது. வந்த அன்று மாலையே அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். உங்கள் பி.எஃப். கணக்குகளை எல்லாம் இணைக்கும் யு.ஏ.என். எண்ணைத் திறந்தால் எந்த மாதத்துக்கு எந்த நிறுவனம் பி.எஃப். கட்டியது என்பது வரிசையாகத் தெரியும். நீங்கள் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருந்ததாகச் சான்றிதழ் சொல்லும் அதே மூன்று ஆண்டுகளுக்கு மதுரை வங்கி பி.எஃப். கட்டியிருக்கும். அந்தச் சான்றிதழ் மண்குதிரை, நம்பி ஆற்றில் இறங்காதீர்கள்.

என்னை அதைவிட அதிகம் வருத்துவது வேறொன்று. அந்தப் பொய்யான மூன்று ஆண்டுகளைக் காட்டுவதற்காக, உண்மையான பதினொரு ஆண்டுகளை நீங்களே மறைக்க வேண்டியிருக்கும். சந்தையில் உங்களுக்கு விலை தருவதே அந்தப் பதினொரு ஆண்டுகள்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை எதுவும் இல்லையென்றால் அதைச் செயல்படாத கணக்காக மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதை ஒரு புரோகிராமரிடம் கொடுத்தால், 'கடைசிப் பரிவர்த்தனைத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு' என்று எழுதிவிடுவார். நிரல் பிழையில்லாமல் ஓடும், ஆனால் ஒரு கணக்கும் செயல்படாத நிலைக்கு வராது. காரணம் உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும்: காலாண்டுதோறும் வங்கி வட்டியை வரவு வைக்கிறதே, நிரல் அதையும் பரிவர்த்தனை என்று எண்ணிக்கொள்கிறது. வங்கி தானாக வைக்கும் வட்டியும் பிடிக்கும் கட்டணமும் பரிவர்த்தனையாக எண்ணப்படாது, வாடிக்கையாளர் செய்ததுதான் எண்ணப்படும் என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அப்படியானால் வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த நிலையான உத்தரவின்படி மாதாமாதம் போகும் தொகை? அது எண்ணப்படும். செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கலாமா? கூடாது. வட்டியை நிறுத்தலாமா? அதுவும் கூடாது.

இந்த நான்கையும் தனித்தனியே, 'இந்த நிலையில் உள்ள கணக்கில் இதைச் செய்தால் இது நடக்க வேண்டும்' என்று எழுதுங்கள். நான்கு டெஸ்ட் கேஸ் எழுதிவிட்டீர்கள். இதில் ஒரு வரி கோடிங்கூட இல்லை.

இந்த வேலைக்கு யு.ஏ.டி. என்று பெயர். மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களின் பக்கத்திலிருந்து சோதித்து ஏற்றுக்கொள்ளும் கட்டம் இது. வங்கிகள் மென்பொருளை மாற்றும்போதெல்லாம் ஆறு மாதம், ஓராண்டு என்று இதற்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்கள். சற்று அனுபவம் வந்தபின், வங்கிக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி புரோகிராமர்களுக்குப் புரியவைக்கும் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு நகரலாம். சென்னையில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, சிட்டி, பிஎன்பி பரிபா போன்ற வங்கிகளுக்குப் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன, ஃபினாக்கிள், டி.சி.எஸ். பான்க்ஸ், ஃபிளெக்ஸ்க்யூப் முதலிய வங்கி மென்பொருள்களைச் சுற்றியும் வேலை நடக்கிறது. உங்கள் கிளையில் எந்த மென்பொருள் ஓடுகிறதோ, அதன் பெயர் உங்கள் பயோடேட்டாவின் முதல் ஐந்து வரிக்குள் வரட்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: துறை அறிவு இல்லாமல் திரையில் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் வெறும் சோதனை வேலை குறைந்துகொண்டே வருகிறது. அதைத் தானியங்கிக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. பயிற்சி நிலையங்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் அதைத்தான்.

அடுத்த அடியை உங்கள் வங்கிக்குள்ளேயே எடுத்து வைக்கலாம். புதிய பதிப்பு வரும்போது தலைமை அலுவலகம் கிளை ஊழியர்கள் சிலரை இரண்டு வாரம் அழைத்துச் சோதிக்கச் சொல்வது பல வங்கிகளில் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்பதால் பலர் நழுவிவிடுவார்கள். நீங்கள் மேலாளரிடம் போய், 'அடுத்த முறை என் பெயரைக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அப்படி ஒரே ஒரு முறை போய்வந்தாலும் போதும். நேர்காணலில் கண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய உண்மையான அனுபவம் அது, எந்தச் சரிபார்ப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

படிப்பு என்று பார்த்தால் பட்டியல் சிறியது. மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைத் தேர்வை எழுதுங்கள். 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்.-இல் ஒரு அட்டவணையிலிருந்து வேண்டிய வரிகளை எடுக்கவும் இரண்டு அட்டவணைகளை இணைக்கவும் தெரிந்தால் போதும். குறைகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளை இலவசக் கணக்கில் பழகலாம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்தாறு மாதத்தில் முடியும். கிளையில் நீங்கள் பார்த்த சிக்கல்களை வைத்து முப்பது டெஸ்ட் கேஸ் எழுதி ஒரு எக்செல் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் நேர்காணல் செய்யும்போது ஒருவர் அப்படி ஒரு கோப்பைக் காட்டினால், சான்றிதழைப் பார்க்கும் முன் அதைத்தான் படிப்பேன்.

ஒப்பந்தப் பணியின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலை ஓரிடம், சம்பளம் வேறிடம். நீங்கள் உட்காருவது வங்கியின் அலுவலகத்தில். உங்களுக்குச் சம்பளம் தருவது இடையில் இருக்கும் ஆள்சேர்ப்பு நிறுவனம். சில சமயம் இடையில் இரண்டு நிறுவனங்கள்கூட இருக்கும், அடுக்கு கூடக்கூட உங்கள் கைக்கு வருவது குறையும். 'எனக்கும் வேலை தரும் இடத்துக்கும் நடுவில் எத்தனை பேர்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

மாதம் 60,000 என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அது ஊழியர் என்ற முறையிலா, ஆலோசகர் என்ற முறையிலா என்று கேளுங்கள். ஆலோசகர் என்றால் பெரும்பாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். என்ற வருமான வரியைப் பிடித்து 54,000 தருவார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்ததைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு, ஆனால் பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, சம்பளத்துடன் விடுப்பு எதுவும் இருக்காது. ஊழியர் என்றால், அந்த 60,000 நிறுவனத்தின் பி.எஃப். பங்கையும் சேர்த்த மொத்தச் செலவு, அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொண்டு அந்த முழு அடிப்படைக்கும் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தால், உங்கள் பங்கு 3,600, நிறுவனத்தின் பங்கு 3,600 போக 52,800 கைக்கு வரும். கையில் வரும் தொகையில் வித்தியாசம் 1,200 ரூபாய்தான். ஊழியர் முறையில் மாதம் 7,200 ரூபாய் உங்கள் பெயரில் பி.எஃப்., ஓய்வூதியம் என்று சேர்ந்துகொண்டே போகிறது. முதல் ஒப்பந்தத்துக்கு ஊழியர் முறையையே கேட்டு வாங்குங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் நோட்டீஸ் காலம். தனியார் வங்கிகளில் 60 அல்லது 90 நாள் இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஆள் கேட்பவர்களோ 'பதினைந்து நாளில் வர முடியுமா?' என்பார்கள். உங்கள் நியமனக் கடிதத்தை இன்றே எடுத்து, எத்தனை நாள், பணம் கட்டி முன்கூட்டியே விலக இடமுண்டா என்று பாருங்கள். கணவரின் மாற்றல் உறுதியான பிறகு, எப்படியும் சென்னைக்குப் போகத்தான் போகிறீர்கள் என்ற நிலையில், ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் நாட்கள் ஓடும்போதே விண்ணப்பிப்பது எளிது. அதற்கு முன் வேலையை விடாதீர்கள். சென்னையிலேயே உள்ள கிளைக்கு மாற்றல் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அங்கிருந்தபடியே தேட முடியும்.

விலகும்போது வரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 24,000 என்றால் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 1,52,000 ரூபாய். அதைத் தனிக் கணக்கில் போட்டு, இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே வரும் சம்பளமில்லா மாதங்களுக்கென்று ஒதுக்குங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், அதே யு.ஏ.என். எண்ணைப் புதிய நிறுவனத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.