பேசினால் எழுதும் கணினி: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: திருமங்கலத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை தட்டச்சு செய்து விரல் மூட்டுகளில் வலி கண்டுவிட்டது. வழக்கமாகக் கணினி வாங்கும் கடையில், குரல் மென்பொருள் போட்ட புதிய கணினி ஒன்றை வாங்கிக்கொண்டால் தமிழில் பேசப் பேசப் பத்திரம் தயாராகிவிடும், மவுஸைத் தொடவே வேண்டியதில்லை என்கிறார்கள். மென்பொருளுக்கு மட்டும் தனியாக 6,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கணினி வாங்குவது உங்கள் விருப்பம், அந்த 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் இரண்டு தனித்தனி வசதிகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நாம் பேசுவதைக் கணினி எழுத்தாக்கித் தருவது ஒன்று. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘பக்கத்தைக் கீழே நகர்த்து’ என்று நாம் ஏவுவதைக் கேட்டு அது இயங்குவது மற்றொன்று. முதலாவது தமிழில் நன்றாகவே கிடைக்கிறது, அதுவும் காசில்லாமல். இரண்டாவதற்கு விண்டோஸில் தமிழ் இன்னும் வரவில்லை.

விண்டோஸ் 11 உள்ள கணினியில், அமைப்புகளுக்குள் சென்று தமிழை ஒரு மொழியாகச் சேர்த்து, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, விண்டோஸ் விசையோடு ஹெச் விசையைச் சேர்த்து அழுத்தினால் மைக் படம் போட்ட சிறு பட்டை ஒன்று திரையில் தோன்றும். அதன் பிறகு நீங்கள் பேசுவது கர்சர் இருக்கும் இடத்தில் எழுத்தாக விழும். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘வாய்ஸ் டைப்பிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழாக்கினாலும் இதே வேலை நடக்கும். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளை கூகுள் தன் குரல் தட்டச்சில் 2017 ஆகஸ்டில் சேர்த்தது. இரண்டு முறைகளுக்கும் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். குரலை எழுத்தாக்கும் வேலை உங்கள் மேசையில் நடப்பதில்லை, அந்த நிறுவனங்களின் சர்வரில் நடக்கிறது. உங்களுக்கு இது முக்கியமான விஷயம். கட்சிக்காரரின் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வாயால் சொல்லி எழுதவைக்காதீர்கள்; பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவர் காதில் விழும் என்பது இன்னொரு காரணம்.

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். ஒரு கிரயப் பத்திரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும் மாதிரிப் படிவம்தான். மாறுபவை பெயர்கள், தொகை, சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை. குரல் தட்டச்சு தடுமாறும் இடங்களும் சரியாக இவைதாம். ‘112/3பி’ என்ற உட்பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். எண்கள் ஒரு முறை இலக்கமாகவும் ஒரு முறை எழுத்தாகவும் வரும், நடுவிலுள்ள சாய்கோடு பெரும்பாலும் வராது. ‘மு. கருப்பையா’ என்பதில் தலைப்பெழுத்து ‘மூ’ ஆகலாம், புள்ளி தொலையலாம். பத்திரத்தில் ஓர் இலக்கம் பிசகினால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டிவரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே சொத்து விவரப் பகுதியைக் கையாலேயே தட்டுங்கள். பாகப்பிரிவினை, உயில், விடுதலைப் பத்திரம் போன்றவற்றில் குடும்ப வரலாற்றையும் நிபந்தனைகளையும் பத்தி பத்தியாக எழுத வேண்டிய இடத்தில் குரல் தட்டச்சு விரல்களுக்கு நல்ல ஓய்வு தரும். அடிக்கடி வரும் நீண்ட சொற்றொடர்களுக்கு வேர்டில் உள்ள தானியங்கித் திருத்த (‘ஆட்டோகரெக்ட்’) வசதியில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களைப் பதிந்து வைப்பது, என் கணிப்பில், குரலைவிட உங்களுக்கு அதிக மிச்சம் தரும்.

பேசும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். ‘வித்துட்டாக’, ‘அங்கிட்டு’ என்று நாம் புழங்கும் பேச்சில் சொன்னால், கணினி அதை அப்படியே எழுதவும் செய்யலாம், வேறு சொல்லாகப் புரிந்துகொள்ளவும் செய்யலாம். செய்தி வாசிப்பவரைப்போல் எழுத்துத் தமிழில், ஒரு வாக்கியத்தை முழுதாக மனத்தில் அமைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னால் விளைவு தெளிவாக இருக்கும். அப்படியும் வல்லினம் மிகும் இடங்களில் ஒற்று விடுபடும். லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் சில இடங்களில் மாறும். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசும்போது காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவற்றை வாயால் சொல்லிப் போட முடியாது. அவற்றைக் கையால் தட்ட வேண்டும்.

இன்னொன்று, இது பலரும் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பது. குரல் தட்டச்சு தருவது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டில் அமைந்த எழுத்து. நீங்களோ, நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் இடமோ வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்தால், இந்த எழுத்தை அங்கே கொண்டுபோய் ஒட்டியதும் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ நிற்கும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் கிரந்த எழுத்துகளையும் எண்களையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: செல்லூரில் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கிறது. குரல் தட்டச்சுக்காக ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று பெட்டியில் போட்ட புளூடூத் இயர்பட்ஸ் வாங்கினேன். பாட்டு கேட்க அருமையாக இருக்கிறது. தமிழில் பேசினால் பாதிச் சொற்கள் தவறாக விழுகின்றன. மென்பொருள் கோளாறா, கருவிக் கோளாறா?

பதில்: இரண்டும் இல்லை, பொருத்தமில்லாத கருவி. இரைச்சல் நீக்கம் என்று விற்கப்படுவதில் இரு வகை உண்டு. ஏ.என்.சி. என்பது வெளிச்சத்தம் உங்கள் காதுக்குள் புகாமல் தடுப்பது, கேட்பவருக்கான வசதி. இ.என்.சி. என்பது மைக் வழியே போகும் குரலிலிருந்து சுற்றுச்சத்தத்தைக் குறைப்பது. குரல் தட்டச்சுக்கு வேண்டியது இதுதான். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை.

அதோடு, புளூடூத்தில் இயல்பான ஒரு குறையும் உண்டு. பாட்டு கேட்கும்போது அது உயர்ந்த தரத்தில் ஒருவழிப் பாதையாக வேலை செய்கிறது; மைக்கை இயக்கியதும் தொலைபேசி அழைப்புக்கான இருவழிப் பாதைக்கு மாறிவிடும். அப்போது ஒலியின் தரம் சட்டென்று இறங்கும். பழைய முறையில் குரல் நொடிக்கு 8,000 மாதிரிகளாகவும், சற்றுப் புதிய முறையில் 16,000 மாதிரிகளாகவும் எடுக்கப்படுகிறது, அதாவது ஒலி நொடிக்கு அத்தனை முறை அளக்கப்படுகிறது. 8,000 என்ற அளவில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் உயர் அதிர்வுகள் வெட்டுப்பட்டுவிடும். தறிச்சத்தமும் சேர்ந்தால் கணினி ஊகிக்க வேண்டியதுதான்.

நீங்கள் வாங்க வேண்டியது யூ.எஸ்.பி. வயர் உள்ள, வாய்க்கு அருகில் நீளும் தண்டில் மைக் பொருத்திய ஹெட்செட். சுமார் 1,000 ரூபாயிலிருந்தே உருப்படியானவை கிடைக்கின்றன. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் 3.5 மி.மீ. முனையுள்ள கைப்பேசி இயர்போனைச் செருகிவிட்டு ‘மைக் வேலை செய்யவில்லை’ என்று அலைவதைப் பார்க்கிறோம். பல மேசைக் கணினிகளில் மைக்குக்குத் தனியாக இளஞ்சிவப்பு நிறத் துளை உண்டு, கைப்பேசி இயர்போனின் முனையை அதில் பயன்படுத்தப் பிரிப்பான் வேண்டும். யூ.எஸ்.பி.யில் அந்தத் தொல்லை இல்லை.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போய் வாங்குவதானால், கடையிலேயே ஒரு மடிக்கணினியில் செருகச் சொல்லி, உங்கள் தொழில் சார்ந்த ஒரு பத்தியை வாசித்து, அது எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைவீதி இரைச்சலில் தேறுகிற மைக் உங்கள் தறிக்கூடத்திலும் ஓரளவு தேறும். மைக்கை உதடுகளுக்கு நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்தில், இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நேரே வைத்தால் ப, ப்ப சொல்லும்போது மூச்சு மோதி ஒலி சிதையும்.

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கும் என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை சரியாக வரவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது. அவர் செய்தி படிக்கவும், கடிதம் எழுதவும், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் குரலால் கணினியை இயக்க முடியுமா? என்ன செலவாகும்?

பதில்: முடியும். இந்த வசதியால் உண்மையாகவே பயன்பெறுபவர்கள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்தாம். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பு முதல் ‘வாய்ஸ் ஆக்சஸ்’ என்ற வசதி உள்ளேயே வருகிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளில் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘ஸ்பீச்’ என்பதற்குள் அதை இயக்கலாம். முதல் முறை மொழிக்கோப்பை இறக்கிக்கொண்டால் போதும், அதன் பிறகு இணையம் இல்லாமலும் வேலை செய்யும். குரலும் கணினியை விட்டு வெளியே போகாது. கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும், ஆனால் மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலம் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காமல் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு ‘நம் உச்சரிப்பு அதற்குப் புரியவில்லை’ என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

அவர் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டளைகள் சில மட்டுமே. ‘ஓப்பன் எட்ஜ்’ என்றால் உலாவி திறக்கும். ‘ஸ்க்ரோல் டவுன்’ என்றால் பக்கம் நகரும். ‘ஷோ நம்பர்ஸ்’ என்றால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொரு பொத்தானுக்கும் இணைப்புக்கும் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். ‘க்ளிக் 14’ என்று எண்ணைச் சொன்னால் அது அழுத்தப்படும். எண் விழாத இடத்தில் ‘ஷோ க்ரிட்’ என்று சொன்னால் திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். எந்தக் கட்டம் என்று சொன்னதும் அந்தக் கட்டம் மீண்டும் ஒன்பதாகப் பிரியும், இப்படியே வேண்டிய புள்ளியை நெருங்கலாம். ‘வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்’ என்பதை முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாரோ பேசுவதையும் தொலைக்காட்சியில் ஓடுவதையும் கேட்டுக் கணினி தானாக எதையாவது செய்துகொண்டிருக்கும்.

தமிழில் கடிதம் எழுத முதல் பதிலில் சொன்ன விண்டோஸ்-ஹெச் முறைதான். இடக்கை மட்டும் உள்ளவர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சிரமப்படுவார் என்பதால், ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டி ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதியை இயக்கிவிடுங்கள்; பிறகு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும். அவரிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது. கைப்பேசியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால், அதே கோப்பு கணினித் திரையிலும் உடனுக்குடன் நிரம்பும். செலவு என்று பார்த்தால் ஹெட்செட் மட்டுமே. பெரியவருக்குக் காதை அழுத்தாத, எடை குறைந்த ஒன்றாகப் பாருங்கள்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். ‘தமிழ் வாய்ஸ் டைப்பிங் சாப்ட்வேர், ஆயுள் உரிமம்’ என்று சொல்லி மதுரையில் ஒரு கடையில் 4,500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அது உலாவியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கும் ஒரு பக்கத்துக்கான குறுக்குவழிதான். கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருக்கிறது. ஜிபேயில்தான் பணம் அனுப்பினேன்.

பதில்: துண்டுச் சீட்டையும் ஜிபே பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள், பணம் கொடுத்ததற்கு அவை சான்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. சுவரில் தொங்கும் பலகை சட்டத்துக்கு மேற்பட்டதாகிவிடாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கணினியில் அமைத்துக் கொடுத்ததற்கும் சொல்லிக் கொடுத்ததற்கும் கூலி என்று கேட்டிருந்தால் அது நியாயமான தொழில். இலவசப் பக்கத்தை உரிமம் உள்ள மென்பொருள் என்று சொல்லி விற்றதுதான் இங்கே குற்றச்சாட்டு. உங்கள் கடிதத்தில் ‘ஆயுள் உரிமம்’ என்ற சொல்லை அழுத்தமாக வையுங்கள்.

முதலில், நடந்ததைத் தேதியுடன் எழுதி, பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு, கடைக்கு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுக்குவழி எந்தப் பக்கத்தைத் திறக்கிறது என்பது தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது என்பதை, இணையத்தில் இப்படி ஏமாந்த மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கே.கே.நகரில் வீட்டில் விண்டோஸ் 10 உள்ள பழைய கணினி இருக்கிறது. தமிழில் பேசி எழுதுவதற்காக மட்டும் புதியது வாங்க வேண்டுமா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். குரோமும் கூகுள் டாக்ஸும் அதில் ஓடினால் போதும். ஒரு ஹெட்செட் வாங்கி இன்றே தொடங்கலாம். குரலால் கணினியை இயக்கும் வாய்ஸ் ஆக்சஸ் அதில் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆகையால் வங்கி வேலைகளையும் அதே கணினியில் செய்கிறீர்கள் என்றால், புதியது வாங்குவதற்கு அதுவே தகுந்த காரணம்.